பரிசு முடிந்த பிறகும் ஓட வேண்டும்

இலங்கையின் கிழக்குக் கரையோரத்துப் பெரியநீலாவணையிலும் கல்முனையிலும் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைக்க நம்மில் பலர் முதலில் நம்புவது வெற்றிக்கிண்ணத்தையும் பணப்பரிசையும்தான். அவை மட்டும் போதாது என்பதற்கு ஆதாரம் உண்டு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை விரும்பிய பாலர் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்டது. பிறகு, பரிசு இல்லாத நாட்களில் அவர்கள் வரைவது குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை. டெசியும் ரையனும் வளர்த்த சுயநிர்ணயக் கோட்பாடு இதற்குக் காரணம் சொல்கிறது: நானே தெரிவு செய்தேன், என்னால் முடிகிறது, என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற மூன்று உணர்வுகளே ஆர்வத்தை நிலைக்க வைக்கின்றன.

வறுமையுள்ள இந்தக் கரையோரத்தில் பணத்தை மறுக்கலாமா என்று கேட்பது நியாயம். மறுக்கவே கூடாது. சப்பாத்து, சத்தான சாப்பாடு, பயணச் செலவு எல்லாம் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் அவை வென்றவருக்கு மட்டும் கிடைக்கும் கூலியாகாமல், பயிற்சிக்கு வரும் எல்லோருக்குமான உதவியாக இருக்கட்டும். பரிசே இல்லாமல் போட்டி எதற்கு என்பாரும் உண்டு. பரிசு இருக்கட்டும், அது பிள்ளையின் முன்னேற்றத்தைச் சொல்லும் பரிசாக இருக்கட்டும். நமது விளையாட்டுக் கழகங்கள் ஒருநாள் சுற்றுப்போட்டிக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை ஆண்டு முழுவதுமான பயிற்சிக்கு ஒதுக்கினால், தோற்ற பிள்ளையும் மறுநாள் மைதானத்துக்கு வரும்.