இறக்கையும் விதியும்

புளத்கொகுபிட்டியவின் தோட்டங்களில் ஆகாய விமானம் இன்று அதிசயப் பொருளன்று. கொழுந்து பறித்தும் இறப்பர்ப் பால் வெட்டியும் கிடைக்கும் கூலி குடும்பத்துக்குப் போதாமையால், வீட்டு வேலை தேடி மத்திய கிழக்குக்குப் போகும் பெண்கள் கட்டுநாயக்காவில் விமானம் ஏறுகிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் தாயின் முகத்தைக் கைத்தொலைபேசித் திரையில் மட்டுமே காண்கிறார்கள். ஆகவே, “இவ்வளவு பாரமான விமானம் எப்படி சேர் மேலே எழும்புது?” என்று ஒரு மாணவி கேட்டபோது, அதைப் பரீட்சைக்கான கேள்வியாக நான் கருதவில்லை. தன் தாயைச் சுமந்து சென்ற பொருளைப் பற்றியல்லவா அவள் கேட்டாள்!

அவள் கையிலிருந்த வழிகாட்டி நூலில் விடை ஆயத்தமாக இருந்தது. இறக்கையின் மேற்புறம் வளைந்தது, கீழ்ப்புறம் தட்டையானது. முன்விளிம்பில் பிரியும் காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் மீண்டும் சேர வேண்டும். மேற்புறக் காற்றுக்குத் தூரம் அதிகம்; ஆகவே அது விரைந்து ஓடுகிறது. விரைவு கூடினால் அமுக்கம் குறையும், இறக்கை எழும். பல நாடுகளில், பல தலைமுறைகளாக, மாணவர் மனனஞ்செய்து ஒப்புவித்த கதை இது.

பிரிந்த காற்று ஒரே நேரத்தில் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்று விதித்தவர் யார்? இயற்கையில் அப்படியொரு விதியே இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹோல்கர் பபின்ஸ்கி, இறக்கையைச் சுற்றிப் புகையை ஓடவிட்டுப் படம்பிடித்து 2012 இல் வெளியிட்டார். மேற்புறக் காற்று கீழ்ப்புறக் காற்றுக்காகக் காத்திராமல் முந்திச் சென்றுவிடுவதை அதில் கண்ணாரக் காணலாம். அன்றியும், வளைவே காரணமென்றால் சாகச விமானங்கள் தலைகீழாகப் பறப்பது எப்படி? பிள்ளைகள் மடித்து எறியும் கடதாசி விமானத்தின் தட்டை இறக்கை காற்றில் மிதப்பது எப்படி?

இதில் 1738 இல் தம் நூலை வெளியிட்ட பேர்னூலியின்மேல் பழியில்லை. வேகத்துக்கும் அமுக்கத்துக்கும் உள்ள உறவு மெய்யே. அந்த வேகத்துக்கு நூல் கற்பித்த காரணம்தான் பொய்.

மெய்யான காரணம் எளியது. சற்றே சாய்ந்து முன்செல்லும் இறக்கை, தன்னைக் கடக்கும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. கீழ்ப்புறம் மட்டுமன்று, மேற்புறமும் காற்றை வளைத்துக் கீழே அனுப்புகிறது. அந்த வளைவிலேதான் மேலே அமுக்கம் குறைகிறது. காற்றைக் கீழே தள்ளும் தாக்கத்துக்கு மறுதாக்கமாக இறக்கை மேலே தள்ளப்படுகிறது. நியூற்றனும் பேர்னூலியும் ஒரே நிகழ்ச்சியை இரு வழிகளில் விளக்குகிறார்கள், அவர்களுக்குள் வழக்கில்லை.

இதைப் பரிசோதிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. எங்கள் பாடசாலையில் அது இல்லவும் இல்லை. காற்று வீசிய ஒருநாள் மைதானத்தில் பிள்ளைகள் தடித்த அட்டைகளை ஏந்தி நின்றார்கள். முன்விளிம்பைச் சற்று உயர்த்தியதும் அட்டை கையை மேலே இழுத்தது. மேலும் மேலும் நிமிர்த்தியபோது தூக்குவதை விட்டுப் பின்னே தள்ளியது. விமான இறக்கைக்கும் அந்த எல்லை உண்டு. சாய்வு ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால் மேற்புறக் காற்று இறக்கையைவிட்டுப் பிரியும். தூக்கும் விசை சரியும். மூக்கை உயர்த்தினால் மட்டும் உயர்ந்துவிட முடியாது.

தரையைவிட்டு எழுவதைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. பஸ்ஸைப்போல் விமானமும் சக்கரத்தின் வலிமையால் ஓடுகிறதென்று பலர் எண்ணுகிறார்கள். அதன் சக்கரங்கள் வெறுமனே உருள்வன. எஞ்சின் காற்றைப் பின்னே எறிவதால் விமானம் முன்னே செல்கிறது. எழுவதற்கு வேண்டியதும் தரையைச் சார்ந்த வேகமன்று, காற்றைச் சார்ந்த வேகமே. வேகம் இருமடங்கானால் தூக்கும் விசை நான்மடங்காகும். 78 தொன் வரை எடையுள்ள எயார்பஸ் ஏ 320 ஏறத்தாழ மணிக்கு 250 கிலோமீற்றர் வேகத்தில் எழுவது இதனாலேதான். கட்டுநாயக்காவின் ஓடுபாதை 3,350 மீற்றர் நீளமுடையது; வடகிழக்கு, தென்மேற்குத் திசைகளில் கிடப்பது. தென்மேல் பருவக்காற்று வலுத்து வீசும்போது விமானம் அதற்கு முதுகு காட்டி ஓடுவதில்லை. எதிர்த்து ஓடி, அக்காற்றின் வேகத்தையும் தனதாக்கிக்கொண்டு, குறுகிய தூரத்திலேயே எழுகிறது.

நம் மொழியில் ‘விதி’ என்ற சொல்லுக்கு இரு பொருள்கள். ஒன்று, பரிசோதித்து அறியப்படும் இயற்கையின் ஒழுங்கு. மற்றது, கேள்வி கேளாமல் தலைவணங்கச் சொல்லும் தலையெழுத்து. காற்று சேர்ந்தே தீர வேண்டுமென்ற கூற்று, முதலாவதன் உடையணிந்து வந்த இரண்டாவதேயாகும். இந்த மாறாட்டம் எங்கள் மக்களுக்குப் புதிதன்று. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அது விதியன்று, மனிதர் எழுதிய எழுத்து. அதனாலேதான் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003 இல் இன்னொரு சட்டத்தால் பிரஜாவுரிமை வழங்க முடிந்தது. லயக் காம்பிராவும் போதாக் கூலியும் அத்தகைய எழுத்துகளே.

ஆசிரிய நண்பர்களே, இறக்கையைப் பற்றிய பிழையான விளக்கத்தால் எந்த விமானமும் விழுந்துவிடப் போவதில்லை. பொறியியலாளர் சரியான கணக்கைக் கொண்டே அதைச் செய்கிறார்கள். நட்டம் மாணவருக்கே. “ஏன் சேர வேண்டும்?” என்ற கேள்வியை வகுப்பறையில் அடக்கிவிட்டால், நாளை தாய்மாரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்து “ஏன் இந்தக் கழிவு?” என்று கேட்கும் நாவும் அடங்கிப்போகும். அந்த மாணவி தன் வழிகாட்டி நூலின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு வைத்திருக்கிறாள். நான் அதை அழிக்கச் சொல்லவில்லை.