கொங்கு வழியில் ஒரு சங்கீதப் பருவம்

அவிநாசி,
சித்திரை மாதம்.

அன்பார்ந்த நண்பர் அவர்களுக்கு,

மார்கழியில் தங்களோடு சபா சபாவாக ஏறி இறங்கும் வழக்கத்தை இவ்வாண்டு கைவிட்டு, வெயில் மண்டையைப் பிளக்கும் சித்திரையில், பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் விசைத்தறிகளும் நிறைந்த திருப்பூர்ச் சீமைக்குச் சங்கீதம் கேட்கப் புறப்பட்டதன் காரணத்தை வினவி எழுதியிருந்தீர்கள். 1927-இல் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியபோது நடந்த சங்கீத மாநாட்டின் விளைவாக அடுத்த ஆண்டு சங்கீத வித்வத் சபை தோன்றியதும், காலப்போக்கில் மார்கழி என்றாலே சென்னை என்று ஆனதும் தாங்கள் அறிந்தவையே. அங்கே சங்கீதம் ஓரூரில் வீற்றிருக்க, ரசிகர்கள் அதைத் தேடிப் பிரயாணம் செய்கிறார்கள். இங்கேயோ, தைப்பூசத்தில் சிவன்மலைத் தேரோடு புறப்பட்டு, மாசியிலும் பங்குனியிலும் ஊருக்கு ஊர் மாரியம்மன் திருவிழாவாகிய நோம்பியாகப் பெருகி, சித்திரையில் அவிநாசித் தேரில் உச்சத்தை எட்டி, அதன் பிறகும் ஓயாமல் வைகாசி முகூர்த்தங்களுக்குள் நுழைந்துவிடும் ஒரு நீண்ட பருவம் முழுவதிலும், வாத்தியங்களைத் தோளில் சுமந்துகொண்டு கலைஞர்கள்தாம் நடக்கிறார்கள். கேட்பவர் தம் வீட்டு வாசலில் நிற்கிறார். அப்படி வழிநடக்கும் சங்கீதம் சபையில் அமர்ந்த சங்கீதம் கற்காத எதையேனும் கற்றிருக்கிறதா என்று பார்க்கவே வந்தேன்.

தேரோட்டத்தைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். அவிநாசித் தேர் பெருந்தேர். வடம் பிடிப்பவர்கள் எத்தனை பேரானாலும், சக்கரத்தடியில் சன்னை போடுகிறவர்கள் கட்டையைக் கொடுத்து வழி திருத்தினால் ஒழிய அது வீதி முனையில் திரும்பாது. எப்போது நகரும், எங்கே நிற்கும், நின்றால் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை யாராலும் கணித்துச் சொல்ல முடியாது. இந்த நிச்சயமின்மைக்கு நடுவில்தான் முன்னால் செல்லும் நாகஸ்வரக்காரர் வாசிக்கிறார். கம்பீரநாட்டையில் மல்லாரி எடுத்து, தவில் அதைக் காலங்களாகப் பெருக்கிக்கொண்டு வரும்போது, தேர் நின்றுவிட்டால் அவரும் நின்று, ராக ஆலாபனையில் இறங்கி, நகரும் வரையில் அதை விரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரம் உருண்ட மாத்திரத்தில், நின்றதே தெரியாதபடி, விட்ட இடத்திற்குத் திரும்பிவிட வேண்டும். மனோதர்மம் என்று நாம் மரியாதையோடு பேசுகிற அந்தச் சக்தி, கச்சேரி மேடையின் மெத்தையில் பிறந்தது என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அது வீதியில், வெயிலில், தேருக்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று உறுதிப்பட்டது. இந்தக் கடிதத்தில் தங்களுக்குச் சொல்ல விரும்புவதும் இதுதான்.

நாகஸ்வரத்திற்குச் சற்று முன்னால் கயிலாய வாத்தியக் குழுவினர் கொம்பும் சங்கும் எக்காளமும் முழக்கிக்கொண்டு சென்றார்கள். ஓதுவார் பதிகம் பாடினார். வீதிக் கோடியில் துடும்பு அடித்தார்கள். அந்தத் துடும்பின் ஓசையைத் தாங்கள் கேட்டிராவிட்டால் எழுத்தில் சொல்லிப் பயனில்லை. காதுக்கு எட்டுமுன் அது மார்பில் வந்து விழுகிறது. இவ்வளவும் ஒரே சமயத்தில், ஒரே வீதியில்! ஒன்றையொன்று கெடுக்கும் என்று நினைப்போம். ஆனால் ஒவ்வொரு குழுவும் மற்றதன் இடைவெளியைக் கவனித்தே தன் முழக்கத்தை எழுப்புவதை, கொஞ்ச நேரம் பொறுத்து நின்றால் கண்டுகொள்ளலாம்.

இந்த ஊர்ப் பதிகத்தைப் பாடியவரே ஒரு வழிப்போக்கர் அல்லவா? திருப்புக்கொளியூர் அவிநாசியில் முதலையுண்ட பாலனை மீட்ட சுந்தரர், சேரமான் பெருமாள் கொடுத்த பொருளோடு மலைநாட்டிலிருந்து திரும்பும்போது, இங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள திருமுருகன்பூண்டியில் வேடுவர் வடிவில் வந்த பூதகணங்களிடம் யாவற்றையும் பறிகொடுத்து, அந்தச் சந்தர்ப்பத்திலேயே பதிகம் பாடி மீட்டார் என்பது ஐதிகம். மேற்குக் கடற்கரைக்கும் சோழநாட்டுக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாயின் வாயிலாக நடந்த வாணிகமெல்லாம் கொங்கு வழியாகவே நடந்தது. நொய்யற்கரைக் கொடுமணலில் மணிக்கற்களை அறுத்துத் துளையிட்டுத் தேசாந்தரங்களுக்கு அனுப்பியவர்கள் நடந்த வழியும், பாடகர்கள் நடந்த வழியும், கள்வர் காத்திருந்த வழியும் ஒன்றுதான். இன்று அதே கணவாய் வழியாக, திருப்பூர்க் கல்யாணங்களுக்குச் செண்டை மேளம் வந்து இறங்குகிறது.

திருப்பூருக்கு வருகிறேன். 1932 ஜனவரியில் கொடி தாங்கி அடிபட்டு உயிர் நீத்த குமரனுடைய ஊர் என்றும், பனியன் ஏற்றுமதி ஊர் என்றும் தாங்கள் அறிந்த அந்நகரில், பருவத்தைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம் மட்டுமன்று. ஷிப்டும் சனிக்கிழமைச் சம்பளமும் கூடத்தான். ஒரு மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டி, கம்பம் நட்டு, இரவுதோறும் இளைஞர்கள் அதைச் சுற்றி ஆடுவதைப் பார்க்கப் போயிருந்தேன். ஆட்டம் இரவு வெகுநேரம் கழித்துத்தான் களைகட்டியது. ஒன்றரை ஷிப்ட் முடித்தவர்கள் வந்து சேர வேண்டுமல்லவா! தப்பட்டை அடித்த இளைஞர் ஒருவர் பகலில் பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். நோம்பிக் காலத்தில் வேலையும் அடியும் எப்படி ஒத்துப்போகின்றன என்று கேட்டேன்.

"ஒத்துப்போகாதுங்கய்யா. லீவு போட்டா அன்னைக்குக் கூலி போச்சு. ஆனா கம்பம் நட்டதுக்கப்புறம் கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்களே" என்றார்.

கூட்டத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகளும் நின்றிருந்தார்கள். அடி மாறும் இடத்தை அவர்கள் எங்களுக்கு முன்பே உணர்ந்து கால் மாற்றிக்கொண்டதைக் கண்டு, தங்கள் ஊர் மேளத்தின் நினைவு அவர்களுக்கு எழுந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் அவிநாசி சாலையில் ஒரு கல்யாண மண்டபம். நாகஸ்வரம் இருக்க வேண்டிய இடத்தில் சாக்ஸபோன். பக்கத்தில் வழக்கம்போல் தவில். முன்பெல்லாம் இதைக் காண எனக்கு மனம் ஒப்பியதில்லை. ஆனால் அந்தக் கலைஞர் கல்யாணியை எடுத்து, அதன் பிரதிமத்யமத்தை அசைத்து நிறுத்திய விதத்தைக் கேட்டபோது, கத்ரி கோபால்நாத் இந்தத் தென்னாட்டிற்குச் செய்துவிட்டுப் போன உபகாரம் எத்தகையது என்று புரிந்தது. நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, கமகத்திற்கு இடங்கொடாத அந்த உலோகக் குழாயைப் பல ஆண்டுக் காலம் பழக்கிப் பணியவைத்தவர் அவர். 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் வித்துவான் ஜான் ஹாண்டியோடு அவர் சேர்ந்து வாசிக்க நேர்ந்ததும், பிறகு 1994-இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் வாசித்ததும் பிரசித்தம். எதிர்த்திசையில், பாஸ்டனில் பிறந்த சார்லி மரியானோ என்ற ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் இந்தியாவில் தங்கி நாகஸ்வரம் பயின்று, அதையே தம் இசைத்தட்டுகளில் வாசித்தார்.

ஜாஸ் என்றவுடன் தாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் 1958-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். டேவ் புரூபெக் என்ற பியானோ கலைஞர், பால் டெஸ்மண்ட், யூஜின் ரைட், ஜோ மொரெல்லோ ஆகியோரோடு, அமெரிக்க அரசாங்கத்தின் ஏற்பாட்டில் போலந்து, துருக்கி, ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, ஈரான், ஈராக் என்று கச்சேரி செய்துகொண்டே சென்றார். மதராஸுக்கு வந்தபோது, இடது கையால் மிருதங்கம் வாசித்துப் புகழ்பெற்ற பழனி சுப்பிரமணிய பிள்ளையும், டிரம்ஸ் வாசிக்கும் மொரெல்லோவும் எதிரெதிரே அமர்ந்து வாசித்தார்கள். இருவருக்கும் பொதுவான பாஷை கிடையாது. ஒத்திகைக்கு அவகாசமும் இருந்திராது. லயம் ஒன்றே அவர்களுக்குத் துபாஷி. அந்தப் பிரயாணத்தில் இஸ்தான்புல் தெருவாத்தியக்காரர்களிடம் கேட்ட ஒன்பது மாத்திரைக் கணக்கை, இரண்டு இரண்டு இரண்டு மூன்று என்று பிரித்து, 1959-இல் வெளிவந்த 'டைம் அவுட்' இசைத்தட்டில் புரூபெக் ஓர் உருப்படியாக அமைத்தார். அதே தட்டில் டெஸ்மண்ட் அமைத்த 'டேக் ஃபைவ்' ஐந்து மாத்திரையில் நடப்பது. நம் கண்ட சாபுவில் இரண்டும் மூன்றுமாக நிற்கும் ஐந்து, அதில் மூன்றும் இரண்டுமாக நிற்கிறது. மதராஸ் சந்திப்பின் விளைவு அது என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் ஊர் விட்டு ஊர் போகிற கலைஞனின் செவி வழியில் கிடைப்பதை விடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியாது.

பழனி சுப்பிரமணிய பிள்ளையும் மொரெல்லோவும் சந்தித்ததைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த கதையும் பாட்டும் எல்லா நடிகருக்கும் பொதுச்சொத்து. வள்ளியாக நடிப்பவர் ஓரூரிலிருந்தும், நாரதர் வேறோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு, அன்று மாலை வந்து இறங்கி, ஒத்திகையின்றி இரவு மேடை ஏறுவார்கள். பாட்டிலேயே நடக்கும் தர்க்கம் முற்றும்போது ஒருவர் எடுத்த சுருதியையும் சந்தத்தையும் மற்றவர் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். தவறினால் முன்வரிசைக் கிழவரே திருத்திவிடுவார். தெரிந்த மெட்டு, தெரியாத கூட்டாளி, விடியும் வரை இரவு: ஜாஸ் கலைஞர்களின் வழக்கமும் இதுவேயன்றி வேறென்ன? கொடுமுடியில், சிறுமியாக ரயில் பெட்டிகளில் பாடிக் காசு வாங்கிய சுந்தராம்பாள் அம்மையார் இந்தப் பள்ளியில் தேறியவர்தாம். இலங்கை மேடையில் செங்கோட்டைக் கிட்டப்பாவுக்கு எதிரே பாட நேர்ந்தபோது, அதுவரை அந்தக் குரலுக்கு ஈடுகொடுத்தவர் இல்லை என்ற பேச்சுக்கு முடிவு கட்டிய குரல் அது. 1935-இல் சினிமாவில் நந்தனாராக நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள் என்பதை நாடறியும். அந்த லட்சத்திற்குப் பின்னால் எத்தனை இரவுகளின் தர்க்கம் இருந்தது என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வளவு எழுதியபின், என் மனத்தை வருத்தும் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. ஒரே வீதியில், ஒரே வெயிலில், ஒரே மனோதர்மத்தோடு வாசிக்கும் இவர்களுக்குள் மரியாதை மட்டும் ஒன்றாக இல்லை. நாகஸ்வரக்காரருக்குப் பரிவட்டம், தப்பட்டைக்காரர் பல ஊர்களில் இன்னமும் எட்டியே நிற்கிறார். இந்த வேற்றுமை சங்கீதத்திலிருந்து வந்ததன்று, ஜாதியிலிருந்து வந்தது. அதை லக்ஷணம், சாஸ்திரம் என்ற சொற்களால் மூடி வைப்பதில் நம்மைப் போன்ற ரசிகர்களுக்கும் பங்கு உண்டு. மாறுதலும் நடக்காமல் இல்லை. வள்ளி ஒயில் கும்மியை வாழ்நாள் முழுதும் கற்பித்து, அதுவரை ஆண்களே ஆடிய அதில் பெண்களையும் சேர்த்த மேட்டுப்பாளையம் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது இந்தச் சீமையில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே வரிசையாகக் கும்மி ஆடும் அரங்கேற்றங்களை ஊருக்கு ஊர் காண்கிறேன். அவர்களுள் செக்கிங் டேபிளிலிருந்தும் பேக்கிங்கிலிருந்தும் நேரே வந்தவர்கள் பலர்.

காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்திற்கும் போய் வந்தேன். பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் அறுபதுகளில் தங்கி ஆராய்ந்த ஊர் அது. 1965-இல் அவர் ஒலிநாடாவில் பதிவுசெய்த அண்ணன்மார் கதை, பல இரவுகள் உடுக்கையோடு பாடப்பெற்றது; பிற்காலத்தில் தமிழும் ஆங்கிலமுமாக அச்சேறியது. பொன்னர் சங்கர் கதை என்றும் வழங்கும் இதை உடுக்கையடித்துப் பாடுகிறவர், கேட்பவர் சளைக்கவில்லை என்று கண்டால் ஒரு பன்றி வேட்டையை ஓரிரவுக்கு நீட்டுவார். மழை வரும் என்று கண்டால் சுருக்குவார். தேருக்கு முன்னால் ராகத்தை நீட்டியும் சுருக்கியும் வாசித்தவரின் வித்தை எதுவோ, அதுவே இதுவும். சபைகளில் கச்சேரி நேரத்தைக் கடிகாரத்தின் வசம் ஒப்படைத்துவிட்ட நாம், எதை அதனிடம் ஒப்படைத்தோம் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

நாளைக் காலை பல்லடம் வழியாக உடுமலைப்பேட்டைக்குப் புறப்படுகிறேன். அங்கே பூளவாடியிற் பிறந்து, நாடகக் குழுவில் வளர்ந்து, கும்மியையும் சிந்தையும் சினிமாவுக்குள் கொண்டுவந்து சேர்த்த நாராயணகவியின் ஊரைப் பார்த்துவிட்டு, தாராபுரம் வழியாகத் திரும்புவதாக உத்தேசம். வைகாசி முதல் வாரத்தில் தங்களால் இரண்டு நாள் ஒழித்துக்கொண்டு வர இயலுமானால், கோயமுத்தூர் ரயிலில் ஏறி, திருப்பூரில் இறங்கிவிடுங்கள். நான் ஸ்டேஷனில் காத்திருப்பேன். வரும்போது, தங்கள் தமையனாரிடம் இருக்கும் கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுகளைப் பெட்டியில் பத்திரமாக வைத்து எடுத்து வாருங்கள். தப்பட்டை அடிக்கும் அந்த இளைஞர் கிட்டப்பாவின் குரலைக் கேட்டதே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை, அன்று கேட்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தங்கள் அன்புள்ள,
நண்பன்