கேட்டு வாங்கிய கதைகள்

‘ஐயா’ என்று வரவேண்டிய இடத்தில் ‘ஜயா’ என்று விழுந்திருந்தது. மாஸ்டர் அதைச் சிவப்புப் பேனையால் சுழித்தார். அடுத்த வரிக்குப் போகாமல் பக்கத்தின் மேலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.

“ஒண்டு இருந்தால் இன்னும் நாலு இருக்கும், தம்பி. இது தனிய வராது.”

ஐகாரமும் ஜகாரமும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்று. கொப்பியில் எழுதி வந்த கதையை அச்சகத்தில் அவசரமாக அடிக்கும்போது விரல் எதையாவது தட்டிவிடும். யூனிகோட்டில் அடித்து மின்னஞ்சலில் வரும் கதைகளுக்கு வேறு வியாதி. எங்களுடைய அச்சகங்கள் பலவற்றில் இன்னமும் பாமினி எழுத்துருதான். அதற்கு மாற்றும்போது ஔவையாரின் ஔ, ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து நிற்கும். கிரந்த எழுத்துகள் சில காணாமற் போகும். கணினியின் பிழைதிருத்தி இதைப் பிடித்துத் தராது. அதற்கு உடுப்பிட்டியில் ஒரு விறாந்தையும், மேசை லாம்பும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் தேவைப்படுகிறார்கள்.

வல்லை வெளியின் உப்புக்காற்றைத் தாண்டி, வல்லைச் சந்தியில் பருத்தித்துறை வீதியை விட்டு விலகினால் உடுப்பிட்டி. சந்திக்கு அப்பால் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது மாஸ்டரின் வீடு. அவரும் நண்பர்கள் சிலரும் நடத்துவது ஒரு காலாண்டிதழ். பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விளம்பரம் என்று யாராவது நினைத்துவிடுவார்களாம். அச்சாவது சில நூறு பிரதிகள். மாஸ்டர் கதைகளைப் பார்க்கிறார். பிரதேச செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா கணக்கும் முகவரிப் பட்டியலும் வைத்திருக்கிறார். பட்டதாரிப் பையன் ஒருவன் பக்கங்களை வடிவமைக்கிறான். பழைய அச்சுக்கோப்பாளர் ஒருவர் மடிப்பும் தையலும் பார்க்கிறார். நால்வரில் ஒருவருக்கும் சம்பளம் இல்லை.

இந்த ஊருக்கு எழுத்து புதிதல்ல. ஆ. சிவசம்புப் புலவர் (1829–1910) இங்கே பிறந்தவர். தமிழ் சொல்லிக் கொடுத்தபடியே பிரபந்தம் பிரபந்தமாகப் பாடியவர். ஆனால் அவருடைய காலத்தில் புலவரைத் தாங்க ஒரு பிரபு வேண்டும். சேதுபதிக்கும் பாண்டித்துரைத் தேவருக்கும் உடுப்பிட்டியிலிருந்து பாட்டுப் போனது. அந்த ஆதரவு மெல்ல இல்லாமற்போன பிறகு, அந்த இடத்தை நிரப்பியவை பத்திரிகைகளும் இதழ்களும்தான். 1930இல் நா. பொன்னையா தொடங்கிய ஈழகேசரி, 1946இலிருந்து 1948 வரை வந்த மறுமலர்ச்சி, பிறகு கலைச்செல்வி, அலை, தாயகம் என்று வரிசை நீளும். நானறிந்தவரை இதில் யாரும் பணம் பார்த்ததில்லை.

உடுப்பிட்டி இருக்கும் வடமராட்சியில் இதழ்களைப் பற்றிப் பேசினால் பேச்சு தானாக மல்லிகைக்குப் போய்விடும். அதை நடத்திய டொமினிக் ஜீவா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன் என்ற முடிதிருத்தும் நிலையத்தில் தொழில் செய்துகொண்டே 1966 ஆகஸ்ட் 15ஆம் திகதி மல்லிகையின் முதல் இதழைக் கொண்டுவந்தார். 2012இல் நிற்கும்வரை 401 இதழ்கள். பையில் சுமந்து தெருத்தெருவாகத் தானே விற்றார். அதன் அட்டையில் சினிமா முகம் வரவில்லை. எழுத்தாளரோ கலைஞரோ ஒருவரின் படம் வரும், உள்ளே அவரைப் பற்றி இன்னொருவரின் கட்டுரை வரும். உயிரோடிருக்கும் ஓர் ஈழத்து எழுத்தாளனின் முகத்தைக் கடையில் தொங்கவிடலாம் என்ற துணிவு அன்றைக்குச் சின்ன விடயமில்லை. சிங்கள எழுத்தாளர்களும் அந்த அட்டைக்கு வந்தார்கள்.

சாதியின் பெயரால் கோயிலிலும் தேநீர்க் கடையிலும் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் எழுதியதை மல்லிகை மதித்து வெளியிட்டது. பொலிகண்டியில் பிறந்து, தேவரையாளி இந்துக் கல்லூரியில் படிப்பித்த தெணியான் அதில் விடாமல் எழுதியவர். அந்தக் கல்லூரியே, மற்றப் பள்ளிகளில் இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சூரன் என்ற பெரியவர் கட்டியெழுப்பியது. பள்ளிக்கூடம் எழுத்தைக் கொடுத்தது. அந்த எழுத்து போய்ச்சேர மல்லிகை இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எங்களுக்குத் தெணியான் கிடைத்திருக்கமாட்டார் என்றுதான் நான் நம்புகிறேன்.

அச்சுக்கோப்பாளர் அண்ணை அந்த ஈய எழுத்துக் காலத்து ஆள். இப்போது விறாந்தைத் தரையில் சப்பாணி கட்டியிருந்து, அச்சாகி வந்த தாள்களை மடிக்கிறார். மடிப்பின்மேல் பெருவிரல் நகத்தை ஒரே இழுப்பில் ஓட்டுகிறார், தாள் அப்படியே படிந்துவிடுகிறது. முன்பு அதே விரல்கள், பெட்டிக்குள் பார்க்காமலே எழுத்தை எடுத்துக் கோர்த்தவை. ஈய எழுத்து தலைகீழாக, இடம் வலமாக நிற்கும். அதை நேராக வாசிப்பதுபோல வாசிக்கப் பழக ஒரு வருடத்துக்கு மேல் பிடித்ததாம். எழுத்துப் போதாத அச்சகம் என்றால் சில பக்கங்களைக் கோர்த்து, அச்சடித்து, எழுத்துகளைப் பிரித்துத் திரும்பப் பெட்டிகளில் போட்டபிறகுதான் அடுத்த பக்கங்களைத் தொடலாம்.

“நீளமான கதை எண்டால் ககரம் முடிஞ்சுபோம்,” என்றார் அண்ணை. “அப்ப எழுத்தாளரட்டைப் போய், ரெண்டு வரி குறையுங்கோ எண்டு கேக்கிறது. சிலபேர் கோவிப்பினம். சிலபேர் வாசிச்சுப்போட்டு, ஓம் அண்ணை, அது தேவையில்லைத்தான் எண்டு வெட்டுவினம்.”

1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் மின்சாரமும் இல்லை, அச்சுத் தாளும் இல்லை. பத்திரிகைகளும் இதழ்களும் கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தன. காலால் மிதிக்கும் பழைய மெசின்களுக்கு அப்போது திரும்பவும் வேலை வந்தது. அப்படி அச்சான ஒரு கவிதைத் தொகுப்பை அண்ணை எடுத்துக் காட்டினார். நீலக் கோடுகளுக்குக் குறுக்கே கறுப்பு வரிகள் கொஞ்சம் சரிந்து ஓடுகின்றன. தாள் பழுத்திருந்தாலும் எழுத்து தெளிவு.

தடைகள் முடிந்தும் முடியாமலும்தான் இங்கே இதழ்கள் தொடங்கின. போரால் ஏ9 தரைப்பாதை 2006 ஆகஸ்டில் மூடப்பட்டு, குடாநாட்டுக்குச் சாமான் கப்பலில் வந்துகொண்டிருந்த நேரத்தில், 2007 ஆகஸ்டில், பக்கத்து அல்வாயிலிருந்து க. பரணீதரன் ஜீவநதியைத் தொடங்கினார். அது நூறு இதழ்களைத் தாண்டி, சிறப்பிதழ்களாகவும் நூல்களாகவும் விரிந்தது. பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த மார்ச் மாதம் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். அந்த வருடம் மாஸ்டரின் இதழ் இரண்டு தடவை மட்டும் வந்தது, அதுவும் மெலிந்து.

ஆனால் தாளும் மையும் இதழின் பாதி வேலைதான். மற்றப் பாதி மாஸ்டரின் கோப்புகளில் இருக்கிறது. கரணவாயில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் சீ.ஆர். கொப்பியில் எழுதி அனுப்பிய முதல் கதையை அவர் அச்சிடவில்லை. கதையோடு, அதைவிட நீளமான ஒரு கடிதம் வைத்துத் திருப்பி அனுப்பினார். கடிதத்தின் படி கோப்பில் இருந்தது. அதில் ‘நல்ல முயற்சி’ என்று ஒரு வரிகூட இல்லை, எல்லாம் கேள்விகள்தான். தாய் ஏன் அந்த நேரத்தில் கிணற்றடிக்குப் போகிறாள்? மகன் வெளிநாடு போனது எந்த வருடம்? அந்த வருடம் உங்கள் ஒழுங்கையில் ரெலிபோன் இருந்ததா? முதல் பந்தியில் மழை எதற்கு?

இரண்டாவது கதையும் திரும்பியது. மூன்றாவது அச்சானது, திருத்தத்தோடு. அந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். மகனின் கலியாணப் படம் தபாலில் வருகிறது. தாய் அழுதாள், கடவுளை நினைத்தாள், விதியை நொந்தாள் என்று முடிவில் மூன்று வரிகள். மாஸ்டர் பென்சிலால் மெல்லிசாகக் கோடிட்டு, ஓரத்தில் ‘இது வேணுமா? யோசியுங்கோ’ என்று எழுதியிருந்தார். அவள் யோசித்து மூன்றையும் எடுத்துவிட்டாள். அச்சில் அந்தக் கதை, தாய் படத்தில் இருக்கும் மருமகளின் தோளகலத்தைக் கண்ணால் அளந்து, சட்டைத் துணி வெட்டத் தொடங்கும் இடத்தில் நிற்கிறது. தையல்காரி ஒருத்தியால் மட்டும் எழுதக்கூடிய முடிவு. அது முதலே கதைக்குள் இருந்தது, மூன்று வரிகளுக்கு மேலே.

ஓர் இதழ் எழுத்தாளரை ஆதரிப்பது என்றால் இதைத்தான் நான் சொல்வேன். அச்சில் பெயர் வருவது சந்தோசம்தான். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கதையை இரண்டு தடவை வாசித்து, தாய் ஏன் கிணற்றடிக்குப் போனாள் என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். 1960இல் சென்னையில் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இல்லாவிட்டால், திருகோணமலையில் இருந்த இருபது வயதுத் தருமு சிவராமு என்ன செய்திருப்பார்? கடல் தாண்டிப் போன தபாலை அங்கே ஒருவர் பிரித்து வாசித்தார். சிவராமு, பிரமிள் என்ற கவிஞராக எங்களுக்குக் கிடைத்தார்.

காசு விடயத்தில் மாஸ்டரோடு எனக்கு உடன்பாடில்லை. தாளுக்கு, பிளேற்றுக்கு, அச்சுக்கு, தபாலுக்கு எல்லாம் காசு கொடுக்கிறார்கள். கதை எழுதியவருக்கு இரண்டு பிரதியும் ஒரு வருடச் சந்தாவும்தான்.

“அச்சகக் கடன் முடியட்டும், தம்பி,” என்றார்.

“அது முடியாது, சேர். ஒரு சின்னத் தொகையாவது கடித உறைக்குள்ளை வைச்சு அனுப்புங்கோ. அந்தப் பிள்ளை கதை எழுதின நேரத்திலை ரெண்டு சட்டை தைச்சிருக்கும்.”

அவர் பேசவில்லை. கணக்கு அம்மாதான் பேசினார். சந்தாக் கொப்பியைத் திறந்து, கட்டாதவர்களின் பெயர்களுக்கு எதிரே போட்டிருந்த புள்ளிகளைக் காட்டினார். பக்கம் முழுவதும் புள்ளி. இதழ் வந்தவுடன் வீடு தேடி வந்து இலவசப் பிரதி கேட்பவர்களில் வசதியானவர்கள்தான் கூடவாம். வெளிநாட்டிலிருந்து வந்து நூல் வெளியீட்டு விழா வைப்பவர்கள், மண்டபத்துக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவழிக்கும் காசில் ஓர் இதழுக்குத் தாள் வாங்கலாம் என்றார். அது எனக்கும் பல காலமாக மனதில் கிடந்து வருத்தும் கேள்வி. எழுத்தாளனுக்குப் பொன்னாடை போர்த்தும் கைகள், அவன் எழுதும் இதழுக்குச் சந்தா கட்ட ஏன் நீளுவதில்லை?

அம்மா கொப்பியை மூடாமலே மாஸ்டரைப் பார்த்தார். “தம்பி சொல்லுறது சரிதானே. நெல்லியடிக் கடைக்காரர் ரெண்டு பேர் விளம்பரம் தாறம் எண்டவை. அந்தக் காசைக் கதைக்காரருக்கெண்டு தனிய வைப்பம்.”

“முதல்லை அவை தரட்டும்,” என்றார் மாஸ்டர். ஆனால் ஒரு துண்டில் எதையோ குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பையன் மடிக்கணினியோடு வந்தான். கட்டுரையாளர் ஒருவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார், நான்கு பக்கம் வெறுமை. பழைய கவிதை எதையாவது மறுபிரசுரம் செய்யலாமா என்று கேட்டான். மாஸ்டர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ரெலிபோனை எடுத்தார். வல்வெட்டித்துறையில் தொழிலுக்குப் போகும் ஒரு பொடியன், இரண்டு கதைகள் எழுதியவன், இனி எழுதமாட்டேன் என்று விட்டுவிட்டானாம்.

“போன வருசம் நீ சொன்ன அந்த எஞ்சின் பழுதான கதை, தம்பி. எழுதினனியோ? எழுதேல்லை. சரி, இப்ப எழுது. கொப்பியிலை எழுது, பிழையைப் பற்றி யோசியாதை, அதை நான் பாக்கிறன். நாலு பக்கம் உனக்கு விட்டு வைச்சிருக்கிறன். செவ்வாய்க்கிழமை நானே வந்து வாங்கிறன்.”

வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்தார். செவ்வாய் பின்னேரம் அச்சகம் நேரத்தோடு பூட்டிவிடும் என்று பையன் நினைவூட்டினான். மாஸ்டர் திரும்பவும் அதே இலக்கத்தை அழுத்தினார்.