லூவேனிலிருந்து சில பயணங்கள்

மேனாட்டிற்குக் கல்வி பயிலச் செல்லும் மாணவனுக்கு விடுமுறை நாள்கள் மற்றொரு கல்விக்கூடமாகும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பெல்ஜியம் நாட்டு லூவேன் நகரில் இறையியல் மேற்படிப்புப் பயின்றபோது, வார இறுதியில் இரயிலில் கிடைத்த சலுகைக் கட்டணத்தில், ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் பையில் வைத்துக்கொண்டு பல ஊர்களைக் கண்டு வந்தேன். சிறிய நாடு அது. காலையில் புறப்பட்டால் பெரும்பாலான ஊர்களுக்குச் சென்று இரவு உணவுக்குத் திரும்பிவிடலாம்.

காணத்தக்கவற்றுள் முதலாவது லூவேனிலேயே இருந்தது. திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் அவர்களின் ஆணையால் 1425-இல் தோன்றிய பல்கலைக்கழகத்தின் நூலகம் அது. 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படையினர் அதனைத் தீக்கிரையாக்கினர். அமெரிக்க மக்கள் பொருளுதவி செய்ய, 1928-இல் புதிய கட்டடம் திறக்கப்பெற்றது. உதவிய பள்ளிகள், கல்லூரிகளின் பெயர்களை அதன் சுவர்க் கற்களில் இன்றும் படிக்கலாம். 1940 மே மாதத்தில் அதுவும் எரிந்தது; ஏறத்தாழ 9,00,000 நூல்கள் சாம்பலாயின. மீண்டும் கட்டினார்கள்.

ஆனால் மூன்றாவது இழப்பு தீயினால் நேரவில்லை. டச்சு மொழி பேசுவோருக்கும் பிரெஞ்சு மொழி பேசுவோருக்கும் எழுந்த பூசலால் 1968-இல் பல்கலைக்கழகத்தைப் பிரிக்க முடிவாயிற்று. பிரெஞ்சுப் பிரிவினர் புதிய லூவேன் என்னும் நகரை வேறிடத்தில் அமைத்துக் குடியேறினர். நூல்களையும் பங்கிட்டனர்: ஒற்றைப்படை அடுக்கு எண் கொண்டவை ஒரு பக்கம், இரட்டைப்படை எண் கொண்டவை மறுபக்கம்! இரு சாராரும் கத்தோலிக்கரே. ஒரே திருப்பலியில் பங்குகொள்வோரே. பகைவர் எரித்ததை அயலார் கட்டிக்கொடுத்தனர். உடன்பிறந்தார் பிரித்ததை யார் சேர்த்துவைப்பது? பாகப்பிரிவினைக்குப்பின் பேச்சுவார்த்தையற்றுப்போன குடும்பங்களை நம் பங்குகளிலும் காண்கிறோமன்றோ! எனினும் காலம் காயத்தை ஆற்றியது. 2025-இல் இரு பல்கலைக்கழகங்களும் 1425-ஐயே தம் பிறந்த ஆண்டாகக் கொண்டு அறுநூறாம் ஆண்டு விழாக் கொண்டாடின.

கென்ட் நகரின் புனித பாவோ பேராலயத்தில், வான் ஐக் சகோதரர்கள் தீட்டி 1432-இல் நிறைவுற்ற பீட ஓவியம் உள்ளது. நடுவில் இறைவனின் ஆட்டுக்குட்டி பீடத்தின்மேல் நிற்க, நாற்றிசையிலிருந்தும் புனிதர் கூட்டம் வணங்க வருகிறது. கலகக்காரர் கைக்குத் தப்ப 1566-இல் கோபுரத்தில் ஒளித்துவைக்கப்பட்டதும், இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரிய உப்புச் சுரங்கத்தில் கிடந்ததும் இவ்வோவியமே. 1934-இல் அதன் ஒரு பலகை களவு போயிற்று, இன்றளவும் கிட்டவில்லை. அவ்விடத்தில் இருப்பது நகல். பார்ப்பவர் அதை அறிந்தே பார்க்கின்றனர், வணக்கம் குறையவில்லை.

என் நெஞ்சைவிட்டு அகலாதது ஈப்பர் நகரப் பயணம். முதல் உலகப் போரில் தரைமட்டமான ஊர் அது. அதன் துணி வணிக மாளிகையைப் பழைய வடிவிலேயே எழுப்பி முடிக்க 1967 வரை ஆயிற்று. அங்குள்ள மேனின் வாயிலில், கல்லறைகூடக் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மாலை எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தி ஊதுகொம்பு முழக்குகிறார்கள். 1928-இல் தொடங்கிய இவ்வழக்கம், ஜெர்மானியர் ஆட்சியிலிருந்த நான்கு ஆண்டுகள் தவிர, அங்கு இடைவிடாமல் நடந்துவருகிறது. அப்பெயர்களுக்கிடையே சிங், கான் என்று நம் நாட்டுப் பெயர்களும் உண்டு. 1914 அக்டோபரில், வெப்பநாட்டு உடையுடன் அக்கடுங்குளிரில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். அவர்தம் தாய்மார் அவ்வூரின் பெயரையும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்காக அங்கு நின்று ஒரு செபம் சொன்னேன்.

லூவேனில் புனித அந்தோனியார் சிற்றாலயத்தின் நிலவறையில் தந்தை தமியானின் கல்லறை உள்ளது. 1873-இல் மொலொக்காய்த் தீவுத் தொழுநோயாளரிடம் சென்று, தாமும் அந்நோயுற்று, 1889-இல் அங்கேயே இறந்தவர். 1936-இல் அவர் உடலைத் தாயகம் கொணர்ந்தனர். 1995-இல் அருளாளரானபோது வலக்கையின் எலும்புகள் மட்டும் தீவின் பழைய கல்லறைக்குத் திரும்பின. 2009-இல் புனிதரானார். சுற்றுலா வழிகாட்டியின் பின்னே ஓடுவோர் பலர் இவ்விடத்தைக் காணாமலே போய்விடுகின்றனர்.

இன்று நம் இல்லங்களிலிருந்தும் பிள்ளைகள் ஐரோப்பாவிற்குப் படிக்கச் செல்கின்றனர். அழகிய கட்டடங்களின் முன் நின்று படமெடுத்து அனுப்புகின்றனர். பெற்றோரே, படத்தைப் பார்த்து மகிழுங்கள். அத்துடன், "இதைக் கட்டியவர் யார்? இடித்தவர் யார்? மீண்டும் எழுப்பியவர் யார்?" என்றும் கேளுங்கள். அம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடிச் செல்லும் பிள்ளை, பட்டத்தோடு கொஞ்சம் ஞானத்தையும் வீட்டிற்குக் கொண்டுவருவான்.