உடையாமலிருக்க உடைதல்

கண்ணாடி உடைவதற்கு முன் எதுவும் சொல்வதில்லை. கிராஃபைட் சொல்லும். ஆய்வகத்தில் ஒரு சிறு கிராஃபைட் கட்டையின் இரு முனைகளையும் தாங்கி, நடுவில் அழுத்தினோம். அதில் ஒட்டியிருந்த உணர்கருவி, முறிவுக்கு வெகு முன்பே ‘டிக் டிக்’ என்று பதிவுசெய்யத் தொடங்கியது. “உள்ள உடைஞ்சுக்கிட்டே இருக்கு. ஆனா இன்னும் உடையல,” என்றார் ஆசிரியர். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அணு உலைக்கான கிராஃபைட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம். ஓட்டை இருந்தால் பலவீனம்தானே? ஆமாம். நுண்ணிய விரிசல்கள் பொருளின் வலிமையைக் குறைக்கும் என்று 1921லேயே கிரிஃபித் காட்டிவிட்டார். ஆனால் கிராஃபைட்டில் துளைகள் ஏராளம். ஓடிவரும் விரிசல் ஒரு துளையில் முனை மழுங்கி நிற்கும். வேறெங்கோ இன்னொரு நுண்விரிசல் திறக்கும். ஒரே வெட்டாகப் போக வேண்டிய விசை இப்படிச் சில்லறையாகச் செலவாகிறது.

இதைவிட நுண்ணிய பிளவுகளும் உண்டு. கிராஃபைட்டை 2,800 டிகிரி அளவுக்குச் சூடாக்கி ஆறவிடும்போது படிக அடுக்குகளுக்கிடையே உண்டாகும் இவற்றுக்கு ம்ரோசோவ்ஸ்கி விரிசல்கள் என்று பெயர். உலைக்குள் நியூட்ரான்கள் மோத மோத, படிகங்கள் ஒரு திசையில் வீங்கும், மறுதிசையில் சுருங்கும். வீக்கத்தை இந்தப் பிளவுகள் வாங்கிக்கொள்வதால் முதலில் கல் மொத்தமாகச் சுருங்கும். பல ஆண்டுகளில் பிளவுகள் நிரம்பிவிடும். பிறகு வீங்க இடமில்லை. கல்லே விரியத் தொடங்கும்.

ஸ்காட்லாந்தின் ஹண்டர்ஸ்டன் பி உலையில் நடந்தது இதுதான். எரிபொருளைச் சூழ்ந்த, நடுவே துளையுள்ள உருளைக் கற்கள் அவை. உட்புறம் முந்திக்கொண்டு விரிந்தது. வெளிப்புறம் இன்னும் சுருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கல்லோடு பிணைக்க வெளிப்புறம் வெட்டிய பள்ளத்தின் மூலையில் இழுவிசை குவிந்து, கல் நெடுக விரிந்தது. போதாததற்கு, குளிர்விக்கும் கரியமில வாயுவும் பல்லாண்டுகளாகக் கிராஃபைட்டை அரித்து மெலிய வைத்திருந்தது.

2018இல் ஓர் உலையில் ஏறக்குறைய 370 விரிசல்கள் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். கற்கள் இடம் பிசகினால் கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே இறங்கத் தடை வரலாம். இந்தக் கற்களை மாற்றவும் முடியாது. நிறுத்தி, ஆராய்ந்து, 2020இல் குறுகிய காலத்துக்கு மட்டும் மீண்டும் இயக்கினார்கள். 1976இல் தொடங்கிய நிலையம் 2022 ஜனவரியில் ஓய்ந்தது.

தாங்கும் பொருள் என்றால் விரிசலே இல்லாத பொருள் என்று இப்போது எனக்குத் தோன்றுவதில்லை. உள்ளே இன்னும் எவ்வளவு காலியிடம் மிச்சம் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. அது தீர்வதற்கு முன் நிறுத்தத் தெரிய வேண்டும்.