நாத்தனாருக்கு நான் காட்டிய ஊர்

சிங்கப்பூர் போயிருந்தபோது என் நாத்தனார் எனக்குக் காட்டாத இடமில்லை. செராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயில், டேக்கா மார்க்கெட், அப்புறம் பஸ் ஏறி மலேசியாவில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் வரைக்கும்! கால்தான் வலித்தது, மனசு அலுக்கவில்லை.

சென்ற வைகாசியில் அவள் மகளோடு எங்கள் திருமுக்கூடலுக்கு வந்தாள். பதிலுக்கு நான் எதைக் காட்ட? பாலாறு, செய்யாறு, வேகவதி கூடுமிடம் என்று பெயர்தான். கோடையில் பழையசீவரம் பாலத்திலிருந்து பார்த்தால் ஒரே மணல்.

போதாததற்கு என் மாமியார், நர்ஸாக இருக்கும் பேத்தியிடம், "கண்டவங்க புண்ணைத் துடைக்கிற வேலை உனக்கெதுக்குடி?" என்றுவிட்டார். பெண்ணின் முகம் வாடிவிட்டது.

சாயங்காலம் எல்லோரையும் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அங்கே சுவரில், 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு இருக்கிறது. இங்கே தங்கி வேதம் படித்த பிள்ளைகளுக்கும் கோயில் ஊழியர்களுக்கும் 'வீரசோழன் ஆதுலர் சாலை' என்று ஓர் ஆஸ்பத்திரி. பதினைந்து படுக்கை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு ஆட்கள். சம்பளம் நெல்லும் காசும். ராத்திரி முழுக்க எரிய ஒரு விளக்கு.

"நோயாளிகளைக் கவனிக்க ரெண்டு பெண்களும் இருந்தாங்க" என்றேன்.

"அப்பவே நர்ஸா, அத்தை?" பெண் அந்த எழுத்துக்களைத் தடவிக்கொண்டே நின்றாள். கேமரன் மலையில் நானும் அப்படித்தான் நின்றேன்.

மாமியார் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி படுக்கும்போது மட்டும், "இந்த முட்டியைக் கொஞ்சம் பாருடி" என்று காலை நீட்டினார்.