காலுக்குத் துணையாக ஒரு மோட்டார்

அறுபதைத் தாண்டியவர் சைக்கிளை ஒருமுறை விட்டுவிட்டால் மறுபடி தொடுவது அரிது. மதுரையில் ஆனையூரிலும் கூடல் நகரிலும் என் வயதுக்காரர்கள் பலர் அப்படி விட்டவர்கள்தான். முதலில் முழங்கால் வலி என்பார்கள். பிள்ளைகள் பாசத்தோடு ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கித் தருவார்கள். சாவியைத் திருகினால் வண்டி போகிறது, கால் சும்மா இருக்கிறது. கொஞ்ச காலத்தில் மாடிப்படி ஏறவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால், இருக்கிற சைக்கிளிலேயே சின்னதாக ஒரு மோட்டார் கிட் மாட்டிக்கொள்ளலாமா என்று யார் கேட்டாலும் தாராளமாக மாட்டுங்கள் என்கிறேன். எந்த மோட்டார் என்பதில்தான் பேச்சு நீளும்.

சைக்கிளில் மோட்டார் ஏற்றுவது புது யோசனையும் இல்லை. பிரான்சில் 1946-ல் விற்பனைக்கு வந்த வெலோசோலெக்ஸ் வண்டியில் எஞ்சின் முன் சக்கரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு உருளை டயரை அழுத்தி உருட்டும். மதுரையில் பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பம் 1980-ல் ஓசூரில் டி.வி.எஸ். 50 மொபெட்டைக் கொண்டுவந்தது. அதிலும் பெடல் இருந்தது, ஆனால் எல்லோரும் எஞ்சினை நம்பித்தான் ஓட்டினோம். 2021-ல் மதுரைக் கல்லூரி மாணவர் ஒருவர் சூரிய ஒளியில் ஓடும் சைக்கிள் செய்த செய்தியைப் படித்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம்.

நமக்கு எவ்வளவு சக்தி வேண்டும்? மதுரை சமவெளி. ரயில்வே மேம்பாலங்களை விட்டால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நம் எதிரி ஆடிக் காற்று. காற்றில்லாத நாளில் பழைய கருப்பு சைக்கிளை மணிக்கு 15 கிலோமீட்டரில் மிதிக்க ஏறக்குறைய 65 வாட் போதும். 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று அடித்தால் அதே வேகத்துக்கு 170 வாட்டுக்கு மேல் வேண்டும். வயதான உடம்பு தொடர்ந்து தரக்கூடியது 70, 80 வாட். மீதியை 250 வாட் மோட்டார் சிரமமில்லாமல் கொடுத்துவிடும். கடையில் 500, 750 என்று காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சட்டமும் அங்கேதான் கோடு போடுகிறது: மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்து, அதற்கான சோதனைச் சான்றும் இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. கிட் வாங்கும்போது அந்தத் தாளைக் கேட்டு வாங்குவது நல்லது.

எடையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சைக்கிளே இருபது கிலோவுக்குப் பக்கம். விலை குறைவென்று ஈய பேட்டரி மூன்றைக் கேரியரில் கட்டினால் பத்துப் பன்னிரண்டு கிலோ கூடும். ஸ்டாண்டு போடவே இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதே சக்தியை லித்தியம் பேட்டரி மூன்று கிலோவுக்குள் தந்துவிடும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி, கூடவே மிதித்தால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆனையூரிலிருந்து பரவை மார்க்கெட் போய்த் திரும்ப அது தாராளம். அரை யூனிட் கரண்டில் நிறைந்துவிடும்.

மோட்டாரில் இரண்டு ஜாதி. சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டாரில் கியர் இல்லாதது ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும். சார்ஜ் தீர்ந்தபின் மிதித்தால், அந்தக் காலத்தில் டைனமோவை டயரில் சாய்த்துவிட்டு மிதித்தது போல இழுக்கும். உள்ளே சின்னப் பல்சக்கரங்கள் வைத்த கியர் ஹப் இரண்டு, மூன்று கிலோதான். உள்ளேயே பிரீவீல் மாதிரி ஓர் ஏற்பாடு இருப்பதால் கரண்ட் இல்லாவிட்டாலும் சக்கரம் தாராளமாகச் சுற்றும். முதியவருக்கு இதுதான். பெடல் அச்சில் மாட்டும் நடு மோட்டார் கொடைக்கானல் மலை ஏறுகிறவருக்கு, கியர் சைக்கிளுக்கு ஏற்றது. விலையும் அதிகம், நமக்குத் தேவையில்லை.

பழைய ராட் பிரேக் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர் பழைய ஹப்பைப் பிரித்துப் போக்ஸ் கம்பிகளைக் கொத்தாகக் கீழே வைத்ததும், ரிம்மைத் தூக்கி ஓட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். முன் ரிம்மில் 32, பின் ரிம்மில் 40. பெரும்பாலான ஹப் மோட்டாரில் 36. எப்படிக் கோர்த்தாலும் சேராது; ரிம்மையே மாற்றி, கம்பி பூட்டி, கோட்டம் எடுக்க வேண்டும். புது ரிம்மில் ராட் பிரேக்கின் கட்டை ஒழுங்காகப் பிடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தச் செலவு வேண்டாமென்றால், பின் சக்கரத்தின் இடப்பக்கம் தனிப் பல்சக்கரமும் தனிச் செயினும் வைத்து ஓட்டும் 24 வோல்ட் கிட் இருக்கிறது. கொஞ்சம் உறுமும். ஆனால் பஞ்சர் ஒட்டுகிற கடையிலேயே பழுது பார்த்துவிடலாம். இடப்பக்கப் பல்சக்கரமும் பிரீவீலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிளஸ் ஒன் படித்தபோது பேத்திக்கு அரசு கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே காற்றிறங்கிக் கிடக்கிறது. குறுக்குக் கம்பி இல்லாத அந்த வண்டி, காலைத் தூக்கிப் போட முடியாத பெரியவருக்கும், கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் ஆட்டோவை எதிர்பார்த்து நிற்கும் பாட்டிமாருக்கும் மிகப் பொருத்தம். புது வண்டி வாங்கும் முன் அதைத் துடைத்துப் பாருங்கள்.

ஆக்சிலேட்டர் மட்டும் உள்ள கிட் வேண்டாம். மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்யும்படி பெடலில் சென்சார் வைத்தது கேளுங்கள். பிரேக் பிடித்தவுடன் மோட்டார் நிற்கும் பிரேக் பிடியும் வேண்டும். முன் சக்கரத்தில் மோட்டார் வைத்தால், அது சக்கரத்தை முன்னே சுற்றும்போது அச்சு பின்பக்கம் திரும்பப் பார்க்கும்; நட்டு தளர்ந்தால் சக்கரமே கழன்றுவிடும். அச்சை ஃபோர்க்கோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டை ஒன்று கட்டாயம்.

பேட்டரிக்கு மதுரை வெயில் ஆகாது. லித்தியம் செல்களை 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது; சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் பேட்டரி அதைத் தாண்டியிருக்கும். கழற்றி வீட்டுக்குள் வைத்து, தொட்டால் சூடில்லை என்ற பிறகு செருகுங்கள். தூங்கும் இடத்திலும் வாசலை மறித்தும் சார்ஜ் போடவே வேண்டாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை சற்றுக் கனம் என்றாலும் சூட்டைத் தாங்கும். கூடுதல் காசு கொடுத்தாலும் தகும்.

பணம் கொடுக்கும் முன், பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அந்தத் தெருவில் ஒரு சுற்று மிதித்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்து வண்டியை நீங்களே கடைப்படியில் தூக்கி ஏற்றுங்கள். இரண்டும் முடிந்தால் அந்த கிட்டை வாங்கலாம்.